நாற்சந்திக் கிணறு

சாக்கடைக் குழாய் பதிக்க வந்த பொறியாளர் கேட்டது ஒரே கேள்விதான். இந்த நாற்சந்தியில் பழைய கிணறு ஒன்று இருந்ததாமே, அது எந்த இடம்? பொக்லைன் அதன்மேல் ஏறினால் ஓட்டுநரோடு உள்ளே போய்விடும். பழைய குடும்பங்களெல்லாம் கூடிவிட்டன. எங்கள் தாத்தா காலத்தில் என்று ஆரம்பித்து ஆளுக்கொரு மூலையைக் காட்டினார்கள். அவர்களை நம்பினால் அங்கே நாலு கிணறாவது இருந்திருக்க வேண்டும்.

கிணற்றில் மண் கொட்டி மூடியவர் மூலைப் பூட்டுக்கடைக்காரர். அவரைக் கேட்டதற்கு, எத்தனையோ வருஷமாச்சு, யாருக்கு ஞாபகம் என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துச் சாவியைத் தேய்க்கத் தொடங்கினார்.

கடையில் கூட இருந்த மகள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அப்பாவுக்கா மறதி? எந்த வீட்டுக்கு எந்தப் பூட்டு என்று இன்றும் சொல்வார். சந்தியைக் கடக்கும்போது தபால் பெட்டிக்கு எதிரே மட்டும் விலகி நடப்பார். சின்ன வயதில் அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார். கிணற்றை மூடிய அதே வாரம்தான் சித்தப்பா வெளிநாடு போனார் என்பது வீட்டுக் கதை. போனவர் செத்தோமா பிழைத்தோமா என்று ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. அவள் கேட்டபோதெல்லாம் அம்மா பேச்சை மாற்றினாள். அவளும் விட்டுவிட்டாள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அதை யார் விடுவார்கள்?

பொக்லைன் உறுமிக்கொண்டு தபால் பெட்டிப் பக்கம் திரும்பியது. அதன் ஓட்டுநர் காலையில்தான் புது வாடகை வீட்டுக்கு மாற்றுச்சாவி கேட்டு வந்திருந்தான். கோபம் வந்தால் பெண்டாட்டி கதவைத் திறப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தான்.

அப்பா நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். பெற்றவரைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் அவள் எழுந்து ஓடினாள். வண்டிக்கு முன்னால் போய் நின்று தரையைக் காட்டினாள்.

"கிணறு இங்கதான் இருக்கு. வண்டிய நிறுத்துங்க."

வண்டி நின்றது. பொறியாளர் கூட்டத்தை விலக்கி, கடப்பாரையோடு ஆட்களை அழைத்தார். எத்தனை ஆழம் இருக்கும் என்று அவளைக் கேட்டார். அவள் கடைப் பக்கம் திரும்பினாள்.

அப்பா அரத்தைக் கையில் பிடித்தபடியே வந்து பக்கத்தில் நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்து வெட்டச் சொல்லும்மா," என்றார். "உன் சித்தப்பன் ரொம்ப ஆழத்துல இல்ல."