சேவல் எந்தப் பக்கம் போகிறது

1.

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பனியனில் ஒரு படம் போட்டு வாங்க ஒரு மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கையறையிலேயே பிரிண்டர் வைத்து, ஃபிலிமில் படம் அடித்து, துணிக்கு மாற்றிக் கொடுக்கிற பெண் அவர். என் படம் சூடாகிக்கொண்டிருந்த நேரத்தில் பாதிக் கதை சொன்னார். அதற்குள் வேறு ஆள் வந்து மணியடித்துவிட்டான். மிச்சத்துக்கு நான்தான் பொறுப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மறதியெனும் இருளில் மூழ்கிய அந்தச் சிகையலங்காரக் கலைஞரின் விழிகள்...'

சே. அவர் முடிவெட்டுகிறவர். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாராம்.

2.

அவளுடைய அப்பா முடிவெட்டுகிறவர். (இனி 'அவள்' என்றே எழுதுகிறேன். கதைக்குள் வந்துவிட்டவரிடம் மரியாதை பார்த்தால் வேலை ஓடாது.) கடையில் எப்போதும் ஒரே பனியன்தான் போடுவார். சைக்கிள் ஓட்டுகிற சேவல் படம் போட்டது. ஒரு றெக்கை ஹேண்டில்பாரில், இன்னொரு றெக்கையில் சீப்பு.* பள்ளிக்கூடம் விட்டு அவள் நேராகக் கடைக்குத்தான் போவாள். பவுடர் வாசனை, தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டில், தரையெல்லாம் முடி. அவள் வாசற்படி ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, திரும்பாமலே "வந்துட்டா வாலு" என்பார். அந்தப் பெயரை அவரைத் தவிர யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

* சீப்பு நான் சேர்த்ததோ என்று எனக்கே இப்போது சந்தேகம். இருக்கட்டும், நன்றாயிருக்கிறது.

அந்தப் பனியன் கிழிந்து, கடைக் கண்ணாடியைத் துடைக்கிற துணியாகி, அதுவும் நைந்து போய்விட்டது. கடையும் வேறு கை மாறிவிட்டது. இப்போது அப்பா அவள் வீட்டில் இருக்கிறார். காலையில் எழுந்ததும் அலமாரியைக் கலைத்துப் போட்டு அந்தப் பனியனைத் தேடுகிறார். கிடைக்காவிட்டால் வெற்று உடம்போடு உட்கார்ந்துவிடுகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காப்பி கொண்டு போகிற மகளைப் பார்த்து, "வாங்கம்மா, கொஞ்சம் உக்காருங்க, இவரை முடிச்சுட்டு வந்துடறேன்" என்கிறார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தப் பனியனைச் செய்து கொடுத்தால் ஒரு தடவையாவது வாலு என்று கூப்பிட மாட்டாரா? அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

3.

நினைவிலிருந்து சேவலை வரைந்தாள். அவள் பார்த்த சேவல் இடப்பக்கம் போகும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அச்சடித்தாள். ஈரம் காயும்முன் ஃபிலிமில் பசைப் பவுடரைத் தூவி, தட்டி உதறி, சூட்டில் உருகவிட்டாள். பனியன்மேல் கவிழ்த்து அழுத்தினாள். ஆறியதும் ஃபிலிமை உரித்தாள்.

சேவல் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஃபிலிமில் படத்தை இடவலம் மாற்றித்தான் அடிக்க வேண்டும். கவிழ்க்கும்போது நேராகிவிடும். தினம் செய்கிறவளுக்கு அன்று மறந்துவிட்டது. எழுத்து இருந்திருந்தால் அடிக்கும்போதே கண்ணில் பட்டிருக்கும். சேவல் எந்தப் பக்கம் போனாலும் சேவலாகத்தானே இருக்கிறது.

"எந்தப் பக்கம் போனா என்ன, சைக்கிள் ஓடுதுல்ல" என்றார் கணவர்.

"உங்களைக் கேட்டேனா?"

அவள் இன்னொன்றைச் சரியாக அடித்தாள்.

4.

சரியான பனியனை அப்பாவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள். பார்த்தார். "இது யாரோடதும்மா? கஸ்டமர் யாராச்சும் விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

அவள் அதை மடிக்கப் போனாள். கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த தப்பான பனியன் கீழே விழுந்து விரிந்தது.

"அட, இந்தா கெடக்கே என் பனியன். எங்கெல்லாம் தேடறேன்" என்றார் அப்பா.

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு நடை நடந்தேன். அவ்வளவு கச்சிதமாகவா ஒரு பனியன் விழும்? ஆனால் அந்தப் பெண் சொன்னது இதுதான். என்மேல் பழி வேண்டாம்.)

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முடிவெட்டுகிறவர் நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்து நிற்கிறவர். தன் பனியனை அவர் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார். ஊரே பார்த்த சேவல் இடப்பக்கம் போக, அவருடையது மட்டும் ஆயுசு பூராவும் வலப்பக்கமே போயிருக்கிறது.

மணியடித்தது. என் படமும் ஆறிவிட்டிருந்தது.

5.

இனி என் பாடு.

ஒரு முடிவு: தப்பான பனியனையே அப்பா போட்டுக்கொள்கிறார். சந்தோஷமாகக் கண்ணாடி முன்னால் போகிறார். அங்கே சேவல் மறுபடி இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. அவர் முகம் எப்படி ஆகும் என்று... இல்லை. இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று: சரியானதை அப்பாவுக்கு மாட்டிவிடுகிறாள். தப்பானதைத் தான் போட்டுக்கொள்கிறாள். அவருக்கு எதிரே, கண்ணாடி இருந்த இடத்தில் நிற்பது மாதிரி நிற்கிறாள். சேவல் வலப்பக்கம் போகிறது. அப்பா அதைப் பார்க்கிறார். கை தானாக, இல்லாத சீப்பைத் தேடுகிறது. மெல்ல நிமிர்ந்து, பனியனுக்கு மேலே இருக்கிற முகத்தைப் பார்க்கிறார். ரொம்ப நேரம் பார்க்கிறார். பிறகு பேச வாயெடுக்கிறார்.

அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு உரிமை கிடையாது. அந்தப் பெயரைச் சொல்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். நான் சொன்னால் அது செல்லாது. அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்கலாம் என்று, படம் போட என்னுடைய இன்னொரு பனியனை எடுத்துக்கொண்டு படியேறினேன். உள்ளே பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. மணியில் கை வைத்துவிட்டு, அழுத்தாமல் இறங்கி வந்துவிட்டேன்.

உங்களை வீட்டில் செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டவர் குரலிலேயே ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அப்பா அவளை அப்படித்தான் கூப்பிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.