ஆற்றங்கரை நாகரிகத்தில் ஒரு வேலைநிறுத்தம்

எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் விசாரித்தால், "கமருன்னிஸா டீச்சரா? ஐயையோ!" என்பார்கள். ஆனால் அன்றைக்கு நான் கோபப்பட்டது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவது படிக்க ஆற்றைத் தாண்டி வெகுதூரம் போகவேண்டும். பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? என் வகுப்புக் காளியம்மாளை ஆனி மாசம் நடவுக்கு அழைத்துப்போவதென்று அவள் அம்மா செவ்வந்தி முடிவே செய்துவிட்டாள். எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிற பிள்ளை! சும்மா விட எனக்கு மனசில்லை. பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சிபாரிசு எழுதினால் ஆறாம் வகுப்பு வரும். அவர் மனசு குளிர ஒரு நாடகம் போட்டேன். 'ஆற்றங்கரை நாகரிகம்.'

பாடம் சுலபம். ஆறு வண்டல் கொண்டுவரும். வண்டலில் பயிர் விளையும். சாப்பிட்டது போக மிஞ்சுவது உபரி. உபரி சேர்ந்தால் களஞ்சியம், நகரம், அப்புறம் ராஜா.

"எங்க வீட்டுல எதுவுமே மிஞ்சுறதில்லையே டீச்சர். அப்ப நாங்க இன்னும் நாகரிகத்துக்கு வரலியா?" என்றாள் காளியம்மாள்.

"வாயை மூடு. பரீட்சைக்கு இது போதும்," என்றேன். வேறென்ன சொல்வது?

பண்ணைக் காரியக்காரர் மகன் தியாகேசன் ராஜா. அவனிடம்தான் பட்டு வேட்டி இருந்தது. காளியம்மாளும் அவள் தெருப் பெண்பிள்ளைகளும் குடிமக்கள். ராஜா கை தட்டினால் அவர்கள் அறுக்க வேண்டும், களஞ்சியம் நிரம்ப வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வந்து டீ டம்ளரோடு உட்கார்ந்தார்; பிள்ளைகளைப் பெற்றவர்களும் கூடத்தில் கூடிவிட்டார்கள். என் நீலப் புடவை ஆறாக ஓடியது. மணலில் நட்ட வைக்கோல் விளைந்து நின்றது. தியாகேசன் கை தட்டினான்.

ஒருத்தரும் அசையவில்லை. அட்டை அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அடப் பாவிகளா! அந்த வருஷம் ஊரில் எல்லா வயலிலும் அதுதான் நடந்தது. வரப்பில் சங்கக் கொடியை நட்டுவிட்டு, கூலி பேசி முடிந்து செவ்வந்தி மாதிரிப் பெரியவள் ஒருத்தி குரல் கொடுக்கிற வரைக்கும் யாரும் முதல் கதிரில் கைவைக்கமாட்டார்கள். ஒத்திகையில் வைக்கோல் கிடையாது, சும்மா கையை ஆட்டினார்கள். கதிரைக் கண்ணால் கண்டதும் பிள்ளைகளுக்கு ஊர் வழக்கம் வந்துவிட்டது.

"அறுங்கடி!" என்று பல்லைக் கடித்தேன்.

"கூலி பேசாம எப்படி டீச்சர்?" என்றாள் காளியம்மாள்.

ராஜா, தன் வீட்டில் கேட்டதை அப்படியே சொன்னான்: "பழைய கூலிதான். இஷ்டமிருந்தா அறுங்க. இல்லாட்டி வெளியூர் ஆளைக் கொண்டாந்து அறுத்துக்குவேன்."

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "இது பாடத்துல வருதாம்மா?"

போச்சு, ஆறாம் வகுப்பு போச்சு. அந்தப் பெண்ணை அங்கேயே ரெண்டு சாத்தலாம்போல ஆத்திரம் வந்தது.

அவளோ அசரவில்லை. "ராசா, எங்களுக்கு நெல்லு கூட்டித் தர வேணாம். ஆறாங்கிளாசு தாங்க."

தியாகேசன் திருதிருவென்று விழித்தான். "அது எங்கப்பாகிட்டயே இல்லியே! சார்தான் தரணும்," என்று இன்ஸ்பெக்டரைக் கைகாட்டினான்.

கூடமே சிரித்தது. கதவோரம் நின்ற அவள் அம்மா செவ்வந்தி மட்டும் சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். "சரி தாயி, எழுதுறேன். நீங்க அறுங்க."

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். காளியம்மாள் விடவில்லை. "போன அறுப்புக்கும் பண்ணையில இப்படித்தாங்க தர்றோம்னு சொன்னாங்க. நெல்லு களத்துக்குப் போனதும் இல்லேன்னுட்டாங்க. நீங்க எழுதுங்க, நாங்க நிக்கிறோம்."

அவர் சிரிப்பு நின்றது. மேசையை இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்து, நிஜமாகவே எழுத ஆரம்பித்தார்.

"சீக்கிரம் சார், வேட்டி அவுருது," என்று கெஞ்சினான் ராஜா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. கையெழுத்துப் போட்டு அவர் நிமிர்ந்தபோதும் பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை, கதவோரம் பார்த்தார்கள். செவ்வந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

"அறுங்கடி புள்ளைங்களா!"