பத்திரம் எங்கே என்று சந்திரிகா சொல்லவில்லை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னதே சந்திரிகாதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களுக்கு எதிர்வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"சார், நீங்க எழுதற பத்திரிகைய எங்க வீட்டுக்காரரோட அண்ணன் ஒரு வரி விடாம படிப்பார். அவர் படிக்கணும். எழுதுங்க" என்றார். கதைக்கு இப்படியொரு ஆர்டர் எனக்கு வந்ததே இல்லை.

முதல் வரி: தாம்பரம் வங்கியின் ஏ.சி. குளிரில் சந்திரிகாவின் கைகள் நடுங்க—

[விட்டுவிட்டேன். நடுங்கவே இல்லையாம். விரலில் எச்சில் தொட்டுப் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாராம்.]

2

இருபது வருட வீட்டுக்கடன் முடிந்த நாள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பாக்கியில்லை என்ற கடிதம், எல்லாவற்றையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சந்திரிகா கையெழுத்துப் போட்டாள். (கதைக்குள் வந்துவிட்டதால் 'போட்டாள்'. கோபித்துக்கொள்ள மாட்டார்.) அதற்குள் கணவன் குமரேசன் காரியத்தைக் கெடுத்துவிட்டான். சந்தோஷம் தாங்காமல் கவுண்டர் முன்னாலேயே நின்று அண்ணன் லோகநாதனுக்கு போன் போட்டுவிட்டான்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். யார் சொத்தானாலும் பத்திரம் மூத்தவர் பீரோவில்தான் இருக்கும். அப்படித்தான் மாமியார் அங்காளம்மாளின் சிங்கப்பெருமாள் கோவில் மனைப் பத்திரம் போனது. யாரோ ஒரு பார்ட்டியிடம் காட்டிவிட்டுப் பத்து நாளில் தருகிறேன் என்றார் லோகநாதன். எட்டு வருடமாகிறது. அங்காளம்மாள் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலையிலேயே லோகநாதன் மைசூர்பாக்கோடு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, கடன் தீந்துச்சாமே! பத்திரத்த குடு, நம்ம வூட்டு பீரோல கெடக்கட்டும். இங்க கரையான் கீது."

குமரேசன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். "குடுத்துடலாமே சந்திரி. அண்ணன்தானே?"

3

இங்கேதான் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். முதல் வரைவில், "பீரோ சாவியக் காணோம் மாமா" என்று அவளைச் சொல்லவைத்தேன். இரண்டாவதில் பத்திரத்தை அரிசி டிரம்முக்குள் ஒளித்தேன். மூன்றாவதில் மேடவாக்கத்துத் தங்கை அனுப்பிரியாவின் லாக்கருக்கு அனுப்பினேன்.*

சந்திரிகா படித்துப் பார்த்துவிட்டு, சாவி தொலைந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார்.

"நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்? இருபது வருஷம் டியூஷன் எடுத்துக் கட்டின வீடு. அன்னிக்கு என்ன சொன்னேனோ அதையே போடுங்க."

போடுகிறேன்.

"தரமாட்டேன் மாமா" என்றாள் சந்திரிகா.

"அப்போ என்னிய நம்பல?"

"அத்தை நம்பினாங்க."

லோகநாதன் மைசூர்பாக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். குமரேசன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், அடமானம் நீங்கியதற்கான ரசீதையும் பதிவு செய்துகொண்டு வந்தாள்.

* அரிசி டிரம்மையும் லாக்கரையும் மட்டும் அவர் அடிக்கவில்லை. "அது இருக்கட்டும் சார். தேடறவங்க தேடட்டும்."

4

சரி, பத்திரம் எங்கே? சத்தியமாக எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார். எழுதுகிறவனுக்கே இந்த மரியாதை! குமரேசனுக்கும் தெரியாது. மகளுக்கு மட்டும் தெரியும், அவள் அம்மாவை விட அழுத்தக்காரி.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். லோகநாதன் மனம் திருந்திக் கண்கலங்கி— [நானே நம்பவில்லை.] குமரேசன் யாருமில்லாத நேரம் அலமாரியைக் குடைந்து— [பாவம், விட்டுவிடுவோம்.]

ஆகவே முடிவை உரியவரிடமே கொடுத்துவிடுகிறேன். லோகநாதன் சார், ஒரு வரி விடாமல் இதுவரை வந்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களை வீட்டுக்கு வரச் சொன்னார் சந்திரிகா. மைசூர்பாக் வேண்டாமாம். அந்தப் பார்ட்டியைத் தேடிப் பிடித்து, அங்காளம்மாளின் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டுமாம்.

அதையும் வைக்க அவரிடம் இடம் இருக்கிறது.