உப்பு வெளியில் கிணறு இல்லை

சண்முகப்பிரியா போனில் சொன்னது இரண்டே விஷயம். சனிக்கிழமை அவள் தம்பி கிருபாசங்கருக்கு டயாலிசிஸ் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தண்ணீர் சுத்திகரிக்கிற பிளாண்ட் பழுதாகி, திங்கட்கிழமை காலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவரை அவன் நாக்கை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மேலே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

"பாத்ரூமுக்குள்ள தாப்பா போட்டுட்டுக் குழாயில குடிக்கறான் மனோஜு. கேட்டாக் கத்தறான். அங்க கூட்டியாறேன். நம்ம ஆட்டத்துல தண்ணி மட்டும் கெடைக்க உட்றாதீங்க."

சரிங்க்கா என்றான் மனோஜ்குமார். ஆட்டத்தையே இந்த வாரம் நிறுத்திவிடலாமே என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நிறுத்தினால் கிருபாசங்கர் வீட்டில் இருப்பான். வீட்டில் குடம் இருக்கும். மேஜை முன்னால் உட்கார்த்தி வைத்தால் பொழுது சாய்கிறவரை எழுந்திருக்க மாட்டான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மனோஜின் லேத் பட்டறைக்கு மேலே சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு, அறை இவர்களுக்கு. மனோஜ் ஒரு உலகத்தைச் சொல்வான். மலை, காடு, கொள்ளையர், பாழடைந்த கோட்டை. மற்ற மூன்று பேரும் அந்த உலகத்துக்குள் ஆளுக்கு ஒருவராக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கிருபாசங்கர் அதில் வழிகாட்டி. தடம் பார்ப்பான், வேட்டையாடுவான், தண்ணீர் இருக்கும் இடம் கண்டுபிடிப்பான். அவன் அக்கா சண்முகப்பிரியா மருத்துவச்சி. திருமலைசாமி வாள்வீரன்.

ஊருக்குள் தங்கும்போது எந்தத் தரத்தில் வாழ்கிறாய் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சாக்கடையோரம், ஏழை, சுமார், சொகுசு என்று படிகள் இருந்தன. கீழ்ப்படி என்றால் சீக்கு வருமா என்று பகடை போட வேண்டும். மேல்படி என்றால் கையில் இருப்பது கரையும். திருமலைசாமி ஒருநாளும் சொகுசுக்குக் கீழே இறங்கியதில்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்குகிறவன் அவன். மத்தியானம் சாக்கு மேல் படுத்துத் தூங்குகிறவன். ஏண்டா இப்படிக் காசை அழிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, அங்கேயும் சாக்கில் படுப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி இங்கே வர வேண்டுமா என்று கேட்டான்.

காட்டுக்குள் போனால் கணக்கு வேறு. ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு இவ்வளவு சோறு, இவ்வளவு தண்ணீர். வெயில் நிலத்தில் தண்ணீர் இரட்டிப்பு. கிடைக்காத நாளில் பகடை தவறினால் சோர்வு ஒரு படி ஏறும். முதலில் கை தடுமாறும், அப்புறம் நடை பாதியாகும், அப்புறம் எழ முடியாது. ஆறாம் படி சாவு.

இதோடு கிருபாசங்கர் சேர்த்த விதி ஒன்று உண்டு. அவன் அப்போது வார்ப்பட ஆலையில் உலையடியில் இருந்தான். ஒரு ஷிப்டுக்கு ஒரு குடம் தண்ணீர் குடிக்கிறவன். குளுகுளுவென்று சோடா குடித்துக்கொண்டே பாலைவனத்தில் சாகிறேன் என்று சொல்வது என்ன எழவு ஆட்டம் என்றான். அன்றிலிருந்து, ஆட்டத்தில் தண்ணீர் கிடைத்தால்தான் மேஜையில் தண்ணீர். கிடைக்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர். குடம் மனோஜின் நாற்காலிக்குப் பின்னால் மூடியிருக்கும்.

சிறுநீரகம் போன பிறகு அந்த விதியை எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் விடவில்லை. டாக்டர் தனக்கு அளந்துகொடுத்திருப்பதைத் தான் எங்கே வேண்டுமானாலும் குடிப்பேன் என்றான். ஞாயிறு காலை முழுக்க வாயைக் கட்டி, அளவை மிச்சம் பிடித்துக்கொண்டு வந்து இங்கே குடித்தான். குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். அதைப் பார்க்கக் கூடாது என்று மற்றவர்கள் பகடையை உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு அவன் படியேறி வந்ததே பார்க்கச் சகிக்கவில்லை. பாதம் செருப்புக்குள் போகாமல் பொதபொதவென்று நின்றது. முகம் ஊதியிருந்தது. நாற்காலியில் சாயாமல் முன்னால் குனிந்து, மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டான். சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று அவன் சொல்லவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு மனோஜைப் பார்த்தாள்.

போன வாரம் நிறுத்திய இடம் உப்பு வெளியின் ஓரம். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. அதைத் தாண்டினால் பட்டணம். நடுவில் ஒரு பழைய கிணறு இருப்பதாக மனோஜ் நினைத்து வைத்திருந்தான். இப்போது மனதுக்குள்ளேயே அதை மூடினான்.

முதல் நாள் தோல் பையில் இருந்த நீரை உப்புக்காற்று கெடுத்துவிட்டது என்றான். கிருபாசங்கர் தலையாட்டிக்கொண்டான். இரண்டாம் நாள் விடியலில் துணி விரித்துப் பனி பிடிக்கிறேன் என்றான். பகடை நல்ல எண். பனியே இறங்கவில்லை என்றான் மனோஜ். வண்டி இழுத்த எருதை அறுத்து இரைப்பையில் இருக்கும் நீரை வடிக்கிறேன் என்றான். எருது நேற்றே வறண்டு செத்துவிட்டது என்றான் மனோஜ். அக்காவின் மருத்துவச்சிக்கு மந்திரத்தில் நீர் வரவழைக்கத் தெரியும் என்று நினைவூட்டினான். அவளே முந்திக்கொண்டு, சோர்வில் மந்திரம் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

மேலே ஷீட் சுட்டது. ஒருவரும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. கிருபாசங்கர் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினான். ஆனாலும் அவன் மூளை ஓடிக்கொண்டிருந்தது. பறவை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டான். பறவை இல்லை. எறும்புப் புற்று? இல்லை. உப்புத் தரை எங்கேயாவது நிறம் மாறி ஈரமாக இருக்கிறதா? இல்லை. பகலில் குழி தோண்டி நிழலில் கிடந்து, வெயில் தாழ நடந்தால் தேவை பாதியாகுமே? மணற்காற்று வந்து குழியை மூடிவிட்டது. ஒவ்வொரு இல்லைக்கும் அவன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். நாக்கு வெள்ளையாக இருந்தது.

மருத்துவச்சி ஐந்தாம் படிக்கு வந்து விழுந்தாள். தன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னாள் சண்முகப்பிரியா. மறுநாள் செத்தும் போனாள். வருஷக்கணக்காக வளர்த்த ஆளை இழந்ததற்கு ஒரு வார்த்தை அவள் முனகவில்லை.

திருமலைசாமிக்கு யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. அவன் வாள்வீரனும் நாலாம் படியில் தவழ்ந்துகொண்டிருந்தான். பட்டு மெத்தையில் படுத்தவன் இப்படி உப்பில் வேகிறானே என்று முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். அப்புறம் அவனுக்கே கோபம் வந்துவிட்டது.

"ஏம்ப்பா, பதினெட்டுப் போட்டாலும் இல்லீங்கற, பத்தொம்பது போட்டாலும் இல்லீங்கற. அப்பறம் என்ன எழவுக்கு நாங்க உருட்டறது? நீயே எல்லாத்தையும் கொன்னுபோட்டேன்னு சொல்லிரு, நான் போயி டீயாவது குடிக்கறேன்."

கிருபாசங்கர் மெதுவாகத் தலையைத் தூக்கினான். மனோஜைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் மடியில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பகடையை எடுத்தான். வழிகாட்டி மண்டியிட்டு, காதைத் தரையில் வைத்துக் கேட்கிறான் என்றான். உருட்டினான். பகடை மேஜை விளிம்பு வரை போய் நின்றது. இருபது.

இருபதுக்கு மேல் அந்த மேஜையில் பேச்சே கிடையாது. இருபது விழுந்தால் கேட்டது நடக்கும். பாறையில் கேட்டாலும் நடக்கும். இத்தனை வருஷத்தில் மனோஜ் அதை ஒருமுறையும் மறுத்ததில்லை.

மனோஜ் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் குடம். கிணறு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல" என்றான்.

"இருவதுடா."

"தெரியுது. இல்ல."

கிருபாசங்கர் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அக்கட்ட, வெளியில, எனக்குத் தண்ணி இல்லீங்கறது சீக்குடா. அதைத் திட்டறதுக்கு ஆளில்ல. இங்க இல்லீங்கறது நீயி."

சண்முகப்பிரியா, நான்தான் சொன்னேன், அவனைத் திட்டாதே என்றாள். நாளைக்குக் காலையில் நீ மெஷினில் ஏறி இறங்கியதும் அவன் கையால் கிணறு வெட்டித் தருவான், இன்றைக்கு ஒரு பொழுது பல்லைக் கடித்துக்கொள் என்றாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. கிருபாசங்கர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மேஜையைப் பிடித்து எழுந்தான். வழிகாட்டி உங்களை விட்டுத் தனியாகப் போகிறான் என்று மனோஜிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தான்.

ஆட்டத்தில்தான் சொல்கிறான் என்று திருமலைசாமி ஒரு நிமிஷம் உட்கார்ந்தே இருந்தான். மனோஜுக்கு உறைத்தது. படியில் தடதடவென்று இறங்கும் சத்தம். அந்தக் காலோடு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கீழே பட்டறை முற்றத்தில், காய்ச்சிய இரும்பை ஆற்றப் போடும் சிமெண்ட் தொட்டி. மேலே எண்ணெய் வானவில் மாதிரி மிதக்கும். கிருபாசங்கர் இரண்டு கையாலும் தொட்டிச் சுவரைப் பிடித்து, காது முங்குகிற வரை முகத்தை உள்ளே விட்டிருந்தான். மாடு குடிக்கிற மாதிரி தொண்டை ஏறி இறங்கியது. மனோஜ் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். சட்டைதான் கிழிந்தது. திருமலைசாமி வந்து பின்னாலிருந்து இடுப்போடு கட்டித் தூக்கினான். மூட்டை தூக்குகிற கை. கிருபாசங்கர் காற்றில் காலை உதைத்தான், முழங்கையால் அவன் வாயில் இடித்தான். திருமலைசாமியின் உதட்டில் ரத்தம் வந்தது. அவன் விடவில்லை.

"உடுண்ணா. ஒரே ஒரு வாயி. உன்ற கால்ல உழுகறேன், ஒரு வாயி."

"கம்முனு இரு கண்ணு. கம்முனு இரு."

அக்கா மேலே சொன்னது அப்போதுதான் திருமலைசாமிக்கு முழுசாக விளங்கியது. டீ குடிக்கப் போகிறேன் என்று சற்றுமுன் சொன்னவன் அவன்தான். அவன் முகம் கோணியது.

உதைப்பது தானாகவே நின்றது. கிருபாசங்கரின் வாயிலிருந்து எண்ணெய்த் தண்ணீரும் நுரையும் வழிந்தன. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல் சத்தம் கேட்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பம்புசெட் ஏற்றுகிற ஆம்னி வேனில் அவனை உட்கார்ந்த வாக்கிலேயே ஏற்றினார்கள். படுக்க வைக்காதீர்கள், படுக்க வைக்காதீர்கள் என்று சண்முகப்பிரியா சொல்லிக்கொண்டே வந்தாள். திருமலைசாமி பின்னால் உட்கார்ந்து அவனைத் தன் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊட்டியிலிருந்து திரும்புகிற கார்கள் வரிசை கட்டி நின்றன. மனோஜ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

வழக்கமாகப் போகும் இடத்தில் பிளாண்ட் இன்னும் சரியாகவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்து, கையில் ஊசி போட்டு, மெஷினில் ஏற்றினார்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று டாக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம், இன்னும் கஷ்டம்தான், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்து, மூச்சுத் திணறல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கண்ணாடி வழியாக ஒவ்வொருவராகப் பாருங்கள், பேச வேண்டாம் என்றாள். சண்முகப்பிரியா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து நிற்க முடியாமல் பெஞ்சைப் பிடித்தாள். அவள் காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்பது மனோஜுக்கு அப்போதுதான் உறைத்தது. மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. திருமலைசாமி ஒரு டம்ளர் பிடித்து அவள் கையில் கொடுத்தான். அவள் குடித்தாள். அவன் தனக்குப் பிடித்துக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி நின்று, கிழிந்த உதட்டோடு மூன்று டம்ளர் குடித்தான். மனோஜ் கையிலும் ஒன்றைத் திணித்தான்.

மனோஜ் டம்ளரோடு எழுந்து கண்ணாடிக் கதவுக்குப் போனான். டம்ளர் கையில் இருப்பதே அவனுக்கு நினைவில்லை. தொண்டை எரிந்தது. வாயில் வைத்துக் குடிக்க ஆரம்பித்த பிறகுதான், உள்ளே கண் திறந்திருப்பது தெரிந்தது. கிருபாசங்கர் கட்டிலில் பாதி உட்கார்ந்த வாக்கில் கிடந்தான். ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. மனோஜ் கையைத் தூக்கி ஏதோ சைகை செய்யப் பார்த்தான். நான் இங்கேயே இருக்கிறேன் என்றோ, மன்னித்துக்கொள் என்றோ.

கிருபாசங்கர் அவனைப் பார்க்கவே இல்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனோஜ் அதைக் கீழே இறக்கினான். அந்தக் கண்ணும் கூடவே இறங்கியது.