ஏழாம் முளைக்குப் பின்னால்

ஒரு நிலம் தேறுகிறதா இல்லையா என்பது அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? என் கைபேசி வழியாகத்தான் தெரியும். எங்கள் நிலப் பராமரிப்புக் குழு மண் அரிப்பைத் தடுக்க வேலை செய்த ஒன்பது இடங்களில் இடத்துக்கொரு இரும்பு முளை அடித்து வைத்திருக்கிறோம். இடுப்பு உயரம், உச்சியில் மஞ்சள் பெயின்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போய், முளையின் தலையில் கைபேசியை ஊன்றிப் படம் எடுப்பேன். எப்போதும் அதே இடம், அதே உயரம். அப்போதுதான் போன படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாறியது நிலமா, படம் எடுத்தவளின் கையா என்ற சந்தேகம் வராது. எளிமையான யோசனை. யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு அதன் மேல் ஒரு பிரியமே உண்டு.

படம் துறையின் செயலிக்குள் போகும். நான் முளையிலிருந்து மூன்று காலடிக்குள் நிற்கிறேனா என்று செயலி பார்க்கும். நின்றால் மூன்று பதில்களைக் காட்டும்: நன்கு மேம்பட்டது, ஓரளவு மேம்பட்டது, மாற்றமில்லை. ஒன்றைத் தொட்டு அனுப்ப வேண்டும். "மோசமானது" என்று ஒரு பதில் கிடையாது. நிதி கொடுத்த பிறகு நிலம் மோசமாகும் என்று அந்த யோசனைக்காரர் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இரண்டு வருடத் திட்டத்தில் எட்டாவது படம், கடைசிப் படம், இந்த மாதம். மற்ற எட்டு முளைகளுக்கும் அனுப்பிவிட்டேன். மீதி ஏழாம் முளை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதுவும் "மேம்பட்டது" என்று போய்விட்டால் திட்டம் முடிந்ததாகச் சான்றிதழ் தானாக வந்துவிடும். அதன் பின்னாலேயே இரண்டாம் கட்ட நிதி வரும். இன்னும் பதினொரு பள்ளங்களில் வேலை.

ஏழாம் முளையில் என்ன நடந்தது என்றால், அங்கே ஒரு பெரிய அரிப்புப் பள்ளம் இருந்தது. பள்ளம் வளரும் விதம் விசித்திரமானது. தண்ணீர் கீழ்நோக்கிப் போகும், பள்ளம் மேல்நோக்கிப் போகும். மேட்டிலிருந்து வரும் மழைநீர் பள்ளத்தின் விளிம்பில் அருவியாக விழுந்து அடியைக் குடைகிறது. குடைந்ததும் விளிம்பு அந்தரத்தில் தொங்கி, ஒருநாள் சரிகிறது. இப்படி ஒவ்வொரு மழைக்கும் விளிம்பு பின்வாங்கிப் பின்வாங்கி மேட்டையே தின்றுவிடும். மருந்து ஒன்றுதான்: தண்ணீரை விளிம்புக்கு வரவிடாமல் செய்வது. எனவே பள்ளத்துக்கு மேலே, சரிவின் குறுக்கே மண்கரை போட்டு, வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பினோம். கரையைப் போட்டது என் கணவரின் பொக்லைன். குழுவின் தலைவி அவருடைய அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் நாங்கள் மாடி, அண்ணி கீழ்.

கரை பலித்தது. என் ஏழு படங்களையும் வரிசையாகப் பார்த்தால் பள்ளத்தின் செம்மண் சுவரில் முதலில் பாசி, பிறகு புல், பிறகு புதர். ஒரு படத்திலும் பொய் இல்லை.

போன வாரம் ஒருவர் அலுவலகப் படிகளில் ஏறி வந்தார். அலுவலகம் என்றால் டயர் கடைக்கு மேலே ஒரே அறை. வந்தவர் தேன்காரர், மேட்டுக்கு மறுபக்கம் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். கையில் துறையிலிருந்து வந்த கடிதம்.

"இங்க படம் எடுக்கிறவங்க யாரு?"

"நான்தாங்க."

"நல்லா எடுக்கிறீங்கம்மா. புல்லு தெளிவா தெரியுது." கடிதத்தை மேஜையில் வைத்தார். தன் வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிறது என்று அவர் மனு கொடுத்திருக்கிறார். பதிலோடு என் ஏழாம் முளைப் படங்கள் இணைக்கப்பட்டிருந்தன: அப்பகுதியில் நிலம் நன்கு மேம்பட்டு வருவது உறுதி செய்யப்பட்டுள்ளது.

"ஒரு நடை வந்து பாருங்க. தேன் தர மாட்டேன், லஞ்சம்னு சொல்லிருவாங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். திருப்பிய தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். கரை முடியும் இடம் பாறையாகவோ அடர்ந்த புல்லாகவோ இருக்க வேண்டும். அங்கே தண்ணீர் வேகம் குறைந்து பரவிவிடும். எங்கள் கரை வெறும் மண்ணில் முடிந்திருந்தது. அகலமாக வந்த நீர் அங்கே ஒற்றைக் கயிறாகத் திரண்டு அவர் நிலத்துக்குள் இறங்கி, புதிதாக ஒரு பள்ளத்தை வெட்டியிருந்தது. அது அகலமும் ஆகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அவர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வைக்கிறார். அடுத்த மழையில் குச்சி போய்விடும். பெட்டிகளில் இரண்டு வரிசை போயிருந்தது. வீட்டின் பின்சுவருக்கும் விளிம்புக்கும் நடுவே முன்பு நாற்பது அடி. நான் நாடா பிடித்து அளந்தேன். பதினொன்று. ஒரு நல்ல மழைக்கு இரண்டு அடி போகிறது.

அங்கேயே நின்று படம் எடுத்துச் செயலியில் ஏற்றப் பார்த்தேன். "நீங்கள் பதிவு செய்த இடத்திலிருந்து 212 மீட்டர் தொலைவில் இருக்கிறீர்கள்" என்றது.

"எவ்வளவு அக்கறையா சொல்லுது பாருங்க" என்றார் தேன்காரர்.

அன்றே அண்ணியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.

"அந்த ஆளு நிலம் திட்ட எல்லைக்கு வெளிய இருக்கு. வெளிய ஒரு கூடை மண்ணு போட்டாலும் தணிக்கையில கேப்பாங்க. அதனாலதானே கரைய எல்லைக் கல்லுகிட்ட நிறுத்துனோம். இரண்டாம் கட்டத்துல எல்லைய விரிக்கச் சொல்லிச் சரி பண்ணிக்கலாம்."

நானும் அப்படியே நம்பி இரண்டாம் கட்ட விதிகளை எடுத்துப் படித்தேன். சான்றிதழ் பெற்ற பழைய வேலை எதையும் திறக்கக் கூடாது. புதிய இடத்தைச் சேர்க்கலாம். ஆனால் அன்றைய நிலையே அதன் தொடக்க நிலை. அதாவது அவர் நிலத்தில் முளை அடித்தால், பதினொரு அடியில் நிற்கும் அந்த விளிம்பே "முன்பு" ஆகிவிடும். அதை வெட்டியது யார் என்ற கேள்விக்கே இடம் இருக்காது. போதாக்குறைக்கு, இரண்டாம் கட்டத்தின் பதினொரு பள்ளங்களுக்கும் இதே வரைபடம்தான், எல்லைக் கல்லில் நிற்கும் இதே கரைதான்.

"படிச்சேன் அண்ணி. திறக்க விட மாட்டாங்க."

"பதினொரு ஊர்க்காரங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. உன் புருஷனுக்குப் பதினாலு மாசத்துக்கு வேலை. உனக்கும்தான். நீ பொய் சொல்லு, பித்தலாட்டம் பண்ணுன்னு நான் சொல்லலையே. முளையில நில்லு, தெரியறத எடு. அவ்வளவுதான் கேக்கிறேன்."

உண்மைதான். அவ்வளவுதான் கேட்டார்.

குறிப்புகள் என்று ஒரு கட்டம் செயலியில் உண்டு. நூறு எழுத்து. "மறுபக்கத்தில் புதிய அரிப்பு" என்று எழுதி எட்டாம் முளையின் படத்தோடு அனுப்பிப் பார்த்தேன். நன்றி என்று பதில் வந்தது. துறைக்குத் தொலைபேசினேன். "முளை எண் சொல்லுங்கம்மா" என்றார் ஒருவர். அங்கே முளை இல்லை என்றேன். "முளை இல்லைன்னா பதிவே இல்லையே. நான் எதைத் திறந்து பார்க்கிறது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கணவரே என்னை வண்டியில் கூட்டிப்போனார். அக்கா அனுப்பியிருப்பார். மேட்டடியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கே சொன்னேன்" என்றார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "இன்னும் நானூறு அடி இழுத்தா பாறை வந்துரும், அங்க விட்டுடலாம்னு. எல்லைக் கல்லு வந்துருச்சு, பக்கெட்டத் தூக்குன்னாங்க. தூக்கிட்டேன்."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லுவா? வரைபடம் சொல்லுச்சு. அக்கா படிச்சாங்க."

மேலே ஏறினேன். முளை மேட்டின் முதுகில் நிற்கிறது. கிழக்கே பார்த்தால் தேறிய பள்ளம். கைபேசியை முளையின் தலையில் வைத்தேன். போன படத்தின் மங்கலான நிழல் திரையில் தெரிந்தது. அதன் மேல் இன்றைய பள்ளம் கச்சிதமாகப் பொருந்தியது. புதர் ஒரு முழம் உயர்ந்திருந்தது. விரல் பொத்தான் மேல் இருந்தது. ஏழு முறை இப்படி நின்றிருக்கிறேன். ஏழு முறையும் தேன்காரர் வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் தோன்றியது. நான் எங்கே நிற்கிறேன் என்றுதான் செயலி பார்க்கிறது. எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று பார்ப்பதில்லை.

திரும்பினேன். மேற்கே, எல்லைக் கல்லில் முடியும் எங்கள் கரை. அதன் வாயிலிருந்து சிவப்பாகக் கிழிந்து இறங்கும் பள்ளம். ஓரத்தில் குச்சிகள், அதை ஒட்டி ஒரு வீட்டின் பின்சுவர். எல்லாம் ஒரே படத்துக்குள் அடங்கின. தேன்காரர் முற்றத்தில் பெட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துக் கையை அசைக்காமல் நின்றார்.

எடுத்தேன். மூன்று பதில்களும் வந்தன. "மாற்றமில்லை" என்பது பொய்தான். ஆனால் அந்தப் பதில் ஒன்றுக்குத்தான் ஆள் நேரில் வந்து கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்ப்பார். சான்றிதழும் அதுவரை நிற்கும். இரண்டு வருடத்தில் நான் செயலிக்குச் சொன்ன முதல் பொய்யைத் தொட்டேன்.

"பதிவு ஏற்கப்பட்டது. இனித் திருத்த இயலாது. இருபத்தொரு நாட்களுக்குள் ஆய்வாளர் வருவார். அதுவரை இவ்விடத்தில் எந்தப் பணியும் செய்யக் கூடாது."

கடைசி வரியை இரண்டாம் முறை படித்தேன். கீழே இறங்கி அதைக் கணவரிடம் காட்டினேன். வாங்கிப் படித்தார்.

"இன்னிக்கே பொக்லைன கொண்டுவந்து அந்த வாய அடைச்சுரலாம்னு நினைச்சேன். நம்ம டீசல்லயே" என்றார். "இப்ப அதுவும் முடியாதா?"

"தொட்டா ஆய்வு செல்லாது."

வண்டியைக் கிளப்பினார். வழியில், "நம்ம வீட்டுக்கு ஒரே மாடிப்படிதான்" என்றார்.

அந்தப் படி அண்ணியின் சமையலறையை ஒட்டி ஏறுகிறது. அண்ணி மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைபேசி; திரையில் என் படம். தலைவி என்பதால் ஒவ்வொரு பதிவும் அவருக்கும் போகும். கணவர் வண்டியைத் துடைக்கும் சாக்கில் வெளியிலேயே நின்றுவிட்டார்.

அண்ணி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். குச்சிகள், சுவர், முற்றத்தில் நிற்கும் ஆள்.

"இவர்தானா?"

"ஆமா."

"ஆய்வாளர் எப்ப வருவாராம்?"

"இருபத்தொரு நாளைக்குள்ள."

வாசலுக்கு வெளியே பார்த்தார். மேற்கில் இரண்டு நாளாகவே வானம் மூடியிருந்தது.

"மழைக்கு எத்தனை அடின்னு சொன்ன?"

"ரெண்டு."

"மிச்சம்?"

"பதினொண்ணு."

உதட்டுக்குள் கணக்குப் போட்டார். நானும் போட்டேன், வழியெல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஐந்து மழை. ஆறாவதில் சுவர்.

நான் மேலே போக வேண்டும். அவர் நகரவில்லை. நகரச் சொல்லி நானும் கேட்கவில்லை. அவர் படத்தை மறுபடி சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கினார். நான் கைப்பிடியைப் பிடித்தபடி கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.