அரண்மனை முற்றத்தில் ஒரு கிண்ணம் சூப்

திங்கட்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ரித்வான், தொப்பியில் செருகியிருந்த மரக்கரண்டியை உருவித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நாளைக்கு இது வேண்டாம் வாப்பா."

ஷாபான் உஸ்தாவுக்கு வாயில் போட்ட ரொட்டி உள்ளே இறங்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக அரண்மனையில் சூப் வைக்கிறவர் அவர். யெனிசேரி என்கிற பாதுஷா படையின் வீரன் கரண்டி வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று இஸ்தான்புல்லில் பூனைக்குக்கூடத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை படைக்குச் சம்பள நாள். முற்றத்தில் சூப்புக் கிண்ணங்களை வரிசையாக வைத்துவிட்டுச் சைகை காட்டுவார்கள். படை ஓடிவந்து எடுத்தால் பாதுஷாவோடு சமாதானம். எடுக்காமல் நின்றாலோ கிண்ணத்தைக் கவிழ்த்தாலோ கலகம். அப்புறம் யார் தலையாவது உருண்டால்தான், சில சமயம் பாதுஷாவே மாறினால்தான் அடங்கும்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு. குர்ஆன் மேல கை வச்சு சத்தியமும் பண்ணியாச்சு. முதல்ல கை வச்சது நான்தான்."

"ஏன்டா, உனக்கு எதுக்குடா இந்த முந்திரிக்கொட்டை வேலை?"

"போன பனிக்காலம் ஈரான் எல்லைக்கு அனுப்பினாங்களே, எத்தனை பேர் கால்விரல் இல்லாம திரும்பி வந்தான் தெரியுமா? மறுபடியும் போகச் சொல்றார் பாதுஷாவோட மந்திரி, அந்த வஸீர். அவர் மட்டும் கடலோரத்துல உட்கார்ந்து துலிப் பூவுக்குப் பேர் வச்சுக்கிட்டு இருப்பார். பாதுஷா வீட்டு உப்பைத் தின்னுட்டுப் பாதுஷா ஆளு மேல கை ஓங்க முடியாது. அதனால தின்ன மாட்டோம். அவ்வளவுதான்."

"ஊர்ல கலகம் பண்ண என் பிள்ளைதான் கிடைச்சானா?" என்று ரித்வானின் உம்மா ஸெலிஹா கரண்டியை எடுத்து அவன் முதுகிலேயே ஒன்று வைத்தாள். அவன் சிரித்தான். சிரிக்கிற நேரமா அது? போய்ச் சொன்னால் மகன் கழுத்து, சொல்லாமல் மாட்டினால் தன் கழுத்து. தன் கழுத்தைப் பற்றி ஷாபானுக்குப் பெரிய அக்கறை இல்லை. ஐம்பத்தாறு வயசாகிவிட்டது.

விடியும்வரை புரண்டு புரண்டு படுத்தார். விடிந்தபோது அவருக்குத் தெரிந்த ஒரே வழிதான் தோன்றியது. ஒருத்தன் ஓடினால் எல்லோரும் ஓடுவான்கள். ஓட வைக்கிற மாதிரி சூப் வைக்க வேண்டும். மகனின் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு அவர் சமையல்கட்டில் நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும். கால் ஓரிடத்தில் பாவவில்லை. கொப்பரை மூடியைத் திறப்பார், மூடுவார், வாசலுக்குப் போய்க் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார், திரும்பி ஓடிவருவார். ஆட்டெலும்பு இரண்டு மடங்கு போட்டார். வெண்ணெயை உருக்கிக் காய்ந்த புதினாவையும் மிளகாய்த்தூளையும் பொரித்துக் கொட்டினார். சொய்ங் என்ற சத்தத்தோடு வாசனை கூரையைத் தூக்கியது.

"உஸ்தா, இன்னிக்கு என்ன, மாப்பிள்ளை விருந்தா?" என்றான் பக்கத்து அடுப்பில் புலாவ் கிண்டிக்கொண்டிருந்த துர்முஷ்.

"வாயை மூடிட்டு உன் அரிசியைப் பாரு. அடி பிடிக்குது."

சமையல்கட்டு அதிகாரி செஃபர் ஆகாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போகிற வழியில் முற்றத்துக் கதவையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அரண்மனைச் சுவருக்கு வெளியே நடக்கிற பேச்சு உள்ளே வராமலா இருக்கும்?

ஒரு காலத்தில் இந்தச் சூப்புக்கு இருந்த மரியாதையே வேறு. இப்போதிருக்கிற பாதுஷாவின் முப்பாட்டன்மார் வியன்னா வாசல்வரைக்கும் குதிரை ஓட்டிய நாளில், படை ஓடிவருகிற சத்தத்தில் முற்றத்துக் கல்லெல்லாம் அதிருமாம். தளபதிக்கே அங்கே சூப்புக்காரர் என்றுதான் பட்டம். இப்போது பட்டம் மட்டும் இருக்கிறது. கறிக்கடைக்காரனும் படகுக்காரனும் சம்பளத்துக்காகப் படைப் பட்டியலில் இருக்கிறான், எல்லைக்குப் போகிறவன் ரித்வான் மாதிரி ஏமாந்தவன்தான்.

வெயில் ஏறியதும் இரண்டாயிரம் பேர் முற்றத்தில் வந்து நின்றார்கள். ஓர் இருமல் சத்தம் இல்லை. மாடத்துக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் வஸீர் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் சிவப்புத் தொப்பியோடு அரண்மனைத் தோட்டக்காரர்கள். பெயர்தான் தோட்டக்காரர்கள். அவர்கள் வெட்டுவது செடியை மட்டும் இல்லை.

கிண்ணங்களைக் காற்று வரும் பக்கமாகப் பார்த்து வைக்கச் சொல்லியிருந்தார் ஷாபான். சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தார். சைகை காட்டினார்கள்.

ஒருத்தனும் அசையவில்லை.

ஷாபான் இடுப்பிலிருந்த கரண்டியை இறுக்கிப் பிடித்தார். யா அல்லாஹ், யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன்! அப்போது காற்று புதினா வாசனையை வாரிக்கொண்டு போய் முன்வரிசையில் அடித்தது. பல் போன கிழட்டு வீரன் ஒருத்தன் எச்சில் விழுங்கினான். கால் மாற்றி நின்றான். அப்புறம் "போங்கடா" என்று முனகிவிட்டு ஓட ஆரம்பித்தான். அவன் பின்னால் பத்துப் பேர், பிறகு நூறு பேர். மடை உடைந்துவிட்டது. ஷாபான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டுச் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

புழுதி அடங்கியது. அடங்கினால், காலியான முற்றத்து நடுவில் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். கரண்டி இல்லாத தொப்பி.

"அட பாவி மவனே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் ஷாபான்.

கூட்டத்தோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது ஜன்னலிலிருந்து விரல் நீண்டது. தோட்டக்காரர்கள் இரண்டு பேர் நகர்ந்தார்கள். சமையல்கட்டு ஆள் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. ஷாபான் ஒரு கிண்ணம் சூப் மொண்டு எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். தோட்டக்காரர்கள் குழம்பி நின்றுவிட்டார்கள்.

வழியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேசுவது காதில் விழுந்தது.

"என்னடா இது, சப்புன்னு இருக்கு?"

"மூக்குக்கு மட்டும்தான் விருந்து போல."

ஷாபான் சூப்பில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். உப்பு இல்லை. கொஞ்சம்கூட இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் நடக்காதது. காதெல்லாம் சூடேறியது. கால் மட்டும் நிற்கவில்லை.

"வாப்பா, போயிடு. உன்னையும் சேர்த்துப் பிடிப்பாங்க," என்றான் ரித்வான். உதடு வெளுத்திருந்தது.

"குடிடா."

"சத்தியம் பண்ணியிருக்கேன். அவர் உப்பைத் தின்ன மாட்டேன்."

"இதுல உப்பே இல்லடா மடையா. உன் கவலையில போட மறந்துட்டேன். வெறும் எலும்புத் தண்ணி. குடி, உன் சத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது." இடுப்பிலிருந்து கரண்டியை எடுத்து நீட்டினார். "உன் உம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? குடி ராசா."

ரித்வான் கரண்டியை வாங்கினான். ஒரு வாய் வைத்தான். தோட்டக்காரர்கள் பின்வாங்கினார்கள், ஜன்னலில் விரல் உள்ளே போனது. ஷாபானுக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது வாயில் பையன் முகம் மாறியது. சிரித்தான். நேற்றுச் சாயங்காலம் சிரித்த அதே சிரிப்பு. கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"டேய்! சூப்புல உப்பு இல்லடா! நம்மள்ல யாருமே அவர் உப்பைத் தின்னலடா!"

இரண்டாயிரம் கரண்டி அந்தரத்தில் நின்றது. கிழட்டு வீரன்தான் முதலில் கிண்ணத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கரண்டியால் தட்டினான். டக். டக். பிறகு முற்றம் முழுக்க அந்தச் சத்தம்தான். ரித்வான் ஓடிப்போய்க் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டான். ஷாபான் தேடித் தேடிப் பார்த்தார். இனி யாராலும் அவனைத் தனியாகப் பொறுக்கி எடுக்க முடியாது.

செஃபர் ஆகா தலைப்பாகை சரிய ஓடிவந்தார். "யாருய்யா கத்தினது? நீ கிண்ணம் கொடுத்தியே, அவன் பேரைச் சொல்லு!"

"அவன் என்ன பண்ணினான் ஆகா? உப்புப் போடாதது நான்."

"மறந்துதானே போனே?"

ஷாபான் உஸ்தா அவரை நேராகப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷமா மறக்காதவன் இன்னிக்கு மறப்பேனா? வேணும்னேதான் போடல."

தோட்டக்காரர்கள் வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து, மடித்து, வாசலில் வாய் பிளந்து நின்ற துர்முஷின் கையில் கொடுத்தார்.

"கொப்பரையை நல்லாத் தேய்ச்சு வை. புதுசா வர்ற பாதுஷாவுக்கும் சூப் வைக்கணும்ல? உப்பை மறந்துடாதே."