மடக்குப் போனை யார் வாங்குவார்?

1

இந்தக் கதை ஒரு வீண் ஆர்வத்தில் பிறந்தது. என் போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போன கடையில், புத்தகம்போல் விரித்து மூடுகிற புதுப் போன் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். விலையைப் பார்த்தேன். யம்மாடி! என் புத்தகங்களுக்கு இதுவரை வந்த காசையெல்லாம் சேர்த்தாலும் பாதிகூடத் தேறாது. இதைச் சாதாரண ஆட்கள் வாங்குவார்களா? அந்தக் கேள்வி வீடுவரை என்கூடவே வந்துவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொழில்நுட்பம் மனித வாழ்வை எந்த அளவுக்கு…"

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

அவளிடமிருந்தே தொடங்குவோம். நாள் முழுக்க அந்தப் போனை மடக்கி விரித்துக் காட்டுவதால் கடையில் அவளுக்கு மடக்கக்கா என்று பெயர். அவளுக்குச் சம்பளம் தருவது கடை அல்ல, போன் கம்பெனி. கணவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இப்போது வீடு ஓடுவது அவள் சம்பளத்தில்தான்.

(பாவம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டதோ? கணவனுக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. பிடுங்கிவிட்டேன்.)

3

மடக்கக்கா வியாபாரம் செய்கிற விதம் தனி. வருகிறவரை அந்தப் போனில் படம் எடுத்து, "இந்தாங்க, உங்க போனுக்கே அனுப்பிட்டேன்" என்பாள். படத்தில் மயங்கிப் போனை வாங்குவார்கள் என்பது அவள் நினைப்பு. நடந்தது வேறு. ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் படத்தை வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் கூட வேலை செய்கிறவர்களைத் தலை வாரச் சொல்லி, நல்ல சட்டை மாட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் மனைவி, பிள்ளைகள். அந்தப் போனில் உசத்தியே படம்தான்; அதை அவளே ஓசியில் வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

மேனேஜருக்கும் உறைக்கவில்லை. கூட்டத்தை வீடியோ எடுத்துப் போன் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பீற்றிக்கொண்டார். பதில் வந்ததும் முகம் தொங்கிப்போனது.

"என்னம்மா, இவ்ளோ கூட்டம் வருது, ஒரு பீஸ்கூடவா போகலன்னு கேக்கறாங்க. சனிக்கிழமைக்குள்ள ஒண்ணாவது போகணுமாம். இல்லேன்னா இந்தப் போன் கவுண்டரையே எடுத்துடுவாங்களாம்."

"கவுண்டரை எடுத்தா நான் எங்க சார் போறது?"

மேனேஜர் ஏசியைக் கூட்டி வைக்கப் போய்விட்டார்.

4

சனிக்கிழமை. பெரிய காரில் ஒரு பணக்காரர் வந்து இறங்கி—

இல்லை. பணக்காரர் வாங்கினால் என் கேள்விக்கு எங்கே பதில்? காரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடை மூடுகிற நேரத்தில் வந்தது மெக்கானிக்கின் மனைவி. தனியாக. லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர்.

"அந்தப் படத்தைப் பாத்தா நானா இதுன்னு இருக்கு. கல்யாணப் படத்துலகூட நான் இப்படி இல்ல. தவணையிலயாவது வாங்கிடலாம்னு வந்தேன்."

மடக்கக்கா அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். போனை விரித்தாள். இஸ்திரிக்கார அக்கா குனிந்து பார்த்தார்.

"தினமும் ஒரே இடத்துல மடிச்சா துணியே நைஞ்சு போயிடும். இது தாங்குமா?"

கம்பெனி தாங்கும் என்கிறது. ஆனால் மடக்கக்காவின் கையில் இருந்த போனில், மடிகிற இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. நேராகப் பிடித்தால் தெரியாது, சாய்த்தால் தெரியும். அவள் எப்போதும் நேராகத்தான் பிடிப்பாள்.

"சொல்லுங்க. நீங்களா இருந்தா வாங்குவீங்களா?"

5

முடிவு ஒன்று: "கண்டிப்பா வாங்குவேன்க்கா" என்கிறாள். போன் போகிறது, வேலை நிலைக்கிறது. (எழுதிவிட்டுத் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.)

முடிவு இரண்டு: "வேண்டாம்க்கா" என்கிறாள். அவள் நேர்மையை நாம் மெச்சிக்கொள்ளலாம். நமக்கென்ன, திங்கட்கிழமை வேலை தேடி அலையப்போவது நீங்களும் நானுமா?

இரண்டையும் அடித்துவிட்டேன்.

6

நான் திணறிக்கொண்டிருக்கையில் அவளே ஒன்று செய்தாள். போனை இஸ்திரிக்கார அக்காவின் கையில் கொடுத்துவிட்டாள்.

"வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்கக்கா, ஒரு கோடு தெரியும். அது இன்னும் ஆழமாகுமான்னு எனக்கு நிஜமாவே தெரியாது. படம் நல்லா எடுக்கும், அது சத்தியம்."

அக்கா சாய்த்தார். கோட்டை விரலால் தடவினார். போனைக் கீழே வைக்கவில்லை. மறுபடியும் சாய்த்தார்.

வாங்கினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அது தெரிந்திருந்தால் இந்தக் கதையை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். தவணை கட்டப்போவது நீங்கள், படத்தில் அழகாக இருப்பதும் உங்கள் முகம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சொல்லுங்கள்.

மேனேஜர் விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார். "அவசரமே இல்லக்கா, மெதுவா பாருங்க" என்கிறாள் மடக்கக்கா. கவுண்டர் விளக்கை மட்டும் அணைக்கவிடாமல் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டிருக்கிறாள்.